துடைத்துவிட்டு எழுந்தவன்

நாங்கள் இரண்டு பேரும் இன்ஜினீயரிங் படிக்கவில்லை. இன்ஜினீயரிங் படிப்பதற்காகப் படித்தோம். இந்த ஒரு வாக்கியத்தை வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் விளக்கிச் சொல்லி ஜெயித்தவன் எவனும் இல்லை, நான் உட்பட. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற அக்காக்கள் விடமாட்டார்கள்.

"இன்னாடா படிக்கிற?"

"ஃபவுண்டேஷன் இயர்க்கா."

"அப்டின்னா?"

"இன்ஜினீயரிங்ல சேர்றதுக்கு முன்னாடி ஒரு வருசம் தயார் பண்றாங்கக்கா."

"அப்ப பன்னெண்டு வருசமா இஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தியே, அது இன்னாத்துக்கு?"

அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். நாங்கள் பிளஸ் டூவில் தொழிற்பிரிவு எடுத்தவர்கள். எங்களை நேராகப் பட்டப்படிப்பில் சேர்க்க யாரும் தயாராக இல்லை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் மட்டும் எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு வருடம் நடத்தினார்கள். கணக்கு, இயற்பியல், இங்கிலீஷ், பட்டறை வேலை, பிறகு டிராயிங். எல்லாவற்றிலும் தேறினால் அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு இன்ஜினீயரிங். ஒன்றில் தவறினாலும் வருடம் போச்சு. மறுபடி வேண்டுமானால் மொத்த வருடத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

என்னோடு அதில் சேர்ந்த அவன் எங்கள் பிளாக்கில் கீழ்வீடு. எனக்குத் தோஸ்து என்று சொன்னால் போதாது, ஆனால் வேறு சொல் தெரியவில்லை. அப்பா இல்லை. அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலைக்குப் போனார். அந்த அம்மாவுக்கு மகனை இன்ஜினீயர் ஆக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு எதிலும் அக்கறை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. டிராயிங் தாளைச் சுருட்டி வைக்கிற நீளக் குழாயை அவன் முதல்முதலில் வாங்கி வந்த அன்று, அதை அவனிடமிருந்து பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பிளாக் முழுக்க ஒரு சுற்று வந்தார். யாராவது கேட்க வேண்டுமே என்று ஒவ்வொரு மாடிப்படியிலும் நின்று நின்று வந்தார். அவன் வெட்கத்தில் என் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ஆனால் பிளாக்கில் அவனுக்கு ஏற்கனவே வேறு பெயர் இருந்தது. அவன் கேரம் ஆடுகிறவன். சும்மா பொழுதுபோக்க ஆடுகிறவன் இல்லை. புளியந்தோப்பிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்து அவனிடம் தோற்றுவிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிளாக்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு நீலப் பெயின்ட் அடித்த ஒற்றை அறைதான் எங்கள் கிளப். ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் அதை நடத்தினார். அந்த அண்ணன் பல விஷயங்களில் விட்டுக்கொடுப்பார், இரண்டில் மட்டும் மாட்டார்.

ஒன்று, குறி பார்க்கும்போது விரலால் கோடு இழுத்துப் பார்க்கக் கூடாது. ஸ்ட்ரைக்கர் இங்கே பட்டு, காய் அந்தப் பக்கம் மோதி, இந்தக் குழிக்கு வரும் என்று போர்டின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அது எங்கள் கிளப்பில் அசிங்கம். கோடு கண்ணுக்குள் இருக்க வேண்டும். நான் விரலை ஓட்டாமல் ஆடத் தெரியாதவன். அதனால் எனக்கு அங்கே 'ஸ்கேல்' என்று பெயர். இன்றைக்கும் சில பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பிள்ளைகளின் எதிரில்கூட.

இரண்டாவது, போர்டைத் துடைக்காமல் எழுந்திருக்கக் கூடாது. ஜெயித்தாலும் தோற்றாலும், பவுடர் கறை, விரல் தடம், வேர்வை எதுவும் இல்லாமல் துணியால் வழித்துவிட்டுத்தான் அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். "நீ பட்ட பாட்ட அடுத்தவன் எதுக்குடா பாக்கணும்," என்பார் அண்ணன். அதில் அவன் அண்ணனையே மிஞ்சினவன். போர்டின் நாலு மூலையிலும் துணியை விரலில் சுற்றித் துடைப்பான். அதைப் பார்க்கிறதற்கே எனக்குப் பிடிக்கும்.

கல்லூரியில் டிராயிங் வந்ததும் எங்களுக்குப் பேஜாராகிவிட்டது. எங்கள் வீடு ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, ஐந்து பேர். அந்தப் பெரிய தாளை விரித்தால் யாராவது ஒருவர் வெளியே போய்த்தான் நிற்க வேண்டும். முதல் நாள் அப்பா நின்றார். ரயில்வேயில் நாள் முழுக்கத் தண்டவாளத்தில் நடந்துவிட்டு வந்த மனுஷன், வராண்டாவில் நின்றுகொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் வீட்டிலும் இதே கதை, கூடவே இறால் கூடை.

கிளப் அண்ணன்தான் வழி சொன்னார். சுற்றுச் சட்டம் கழன்றுபோன ஒரு பழைய கேரம் போர்டு மூலையில் சாத்தியிருந்தது. அதை எடுத்து இரண்டு பெயின்ட் டப்பாவின் மேல் வைத்துத் தந்தார். "சாயங்காலம் ஆட்டம் ஆரம்பிக்கிற வரிக்கும் உங்குளுது. அப்பால எடத்த காலி பண்ணிக்கினு போய்டணும். தொடச்சிட்டு."

தினமும் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கேதான். எங்கள் தாளுக்கு அடியில் சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் மங்கலாகத் தெரியும். அதன் மேல்தான் நாங்கள் உருளையும் கூம்பும் வரைந்தோம்.

வரைவது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை எதிரிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி என்று மூன்று படங்கள். ஒரு படத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் மெல்லிய கோடு இழுத்து அடுத்த படத்துக்கு இறக்க வேண்டும். அந்த மெல்லிய கோடுகள் வந்து சேர்கிற இடத்தில்தான் அடுத்த படம் பிறக்கும். எனக்கு அந்தக் கோடுகள் ஆயிரம் வேண்டும். என் தாள், மழையில் நனைந்த நோட்டீஸ் மாதிரி இருக்கும். அவனோ கோடு இழுப்பதற்கு முன்பே அது எங்கே விழும் என்று தெரிந்தவன். சார் சொன்னாரே என்பதற்காக இழுப்பான். மெலிசாக, மூச்சு விட்டால் பறந்துவிடும்போல. படம் முடிந்ததும் ரப்பரை எடுத்து அத்தனையையும் அழிப்பான். பிறகு கேரம் பவுடரில் ஒரு துளி தூவி, துணியால் ஒரு தடவு. தாளில் மூன்று படங்கள் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

"ஸ்கேலு, உன்னுது இன்னாடா சுடுகாட்டுக்குப் போற வழி மாதிரி கீது," என்பார்கள் சீக்கிரமே ஆட வந்துவிடுகிறவர்கள். "அவனுத பாரு. அச்சடிச்சா மாரி கீது."

எங்களுக்கு டிராயிங் எடுத்தவர் தெற்கத்திக்காரர். ராயபுரத்தில் அவர்கள் குடும்பத்துக்கு மளிகைக் கடை இருந்தது. அதனால் முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி சார். கோபம் வந்தால்கூடச் சிரிக்க வைப்பார். பவுடர் அப்பிய தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏல, இது என்னடே மாவு? வரைய வந்தியா, தோச சுட வந்தியா?" என்று அவனைக் கேட்டார். ஆனால் அவன் வரைந்துகொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்று, கோடுகளை எல்லாம் பார்த்து, அங்கேயே மார்க் போட்டுவிட்டுப் போவார். பிறகு துடைத்து முடித்த தாளை வாங்கி வகுப்புக்குத் தூக்கிக் காட்டுவார். "சுத்தம்னா இதாம்ல சுத்தம். எல்லாவனும் பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டோம். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கடைசிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஆள் வந்து திருத்துவார் என்று சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. புது ஊர் ஆள் வந்து ஆடினாலும் போர்டு அதே போர்டுதானே. அன்றைக்கு எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. பஸ் நகரவில்லை. இறங்கிக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். டிரைவர்கள் பாட்டுக்கு ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா நைனா, மீன் புடிக்கப் போறீங்களா," என்று ஒருவர் எங்கள் குழாயைப் பார்த்துக் கேட்டார். அவன் சிரித்தான். அவனுக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான்.

ஹாலில் அவன் எனக்கு முன்வரிசையில் சற்றுத் தள்ளி இருந்தான். சாய்ந்து நிற்கிற கூம்பு ஒன்று கேட்டிருந்தார்கள். நான் கோடு மேல் கோடு இழுத்து, எது எந்தக் கோடு என்று எனக்கே தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அவன் முடித்துவிட்டான். ரப்பரை வைத்து மெதுவாக, தாள் கசங்காமல், இடது கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழித்துக்கொண்டிருந்தான். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நாலு மூலையிலும் விரலில் சுற்றித் துடைத்தான். கொடுத்துவிட்டு எழுந்தான். எனக்கு நேரம் போதவில்லை. அழிக்க வேண்டியதை அழிக்காமல் அப்படியே கொடுத்தேன். வெளியே வந்ததும், "கலீஜா கொடுத்துட்டேன்டா," என்றேன். "உடு மாமு, பாஸாய்டுவ," என்று என் தோளில் கைபோட்டான்.

நான் பாஸானேன். மயிரிழையில். அவன் மற்ற எல்லாவற்றிலும் என்னைவிட நல்ல மார்க் வாங்கி, டிராயிங்கில் போனான்.

நம்ப முடியாமல் அண்ணாச்சி சாரைத் தேடினோம். அவர் அந்த மாதமே வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தார். ஆபீஸில் இருந்தவர், திரும்ப எழுத வேண்டுமென்றால் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் மூன்று விதமாகச் சொன்னார். தாளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்றே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில், இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லைதான்.

திரும்பி வரும்போது, தண்டையார்பேட்டை தாண்டினதும் அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "என் கண்ணு தப்பா கீது மாமு."

மறுநாள் அவன் அம்மா வேலைக்குப் போகாமல் அவனைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். மருந்து ஊற்றி, எழுத்துப் படிக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அந்த அம்மா விடவில்லை. "நல்லா பாருங்க சார். கோடு வளைஞ்சு தெரிதா கேளுங்க. எம்புள்ளைக்குப் படிப்பெல்லாம் வருது சார், கண்ணு ஒண்டிதான்." டாக்டர் சலித்துக்கொண்டு ஏதோ சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அது போதுமாக இருந்தது அந்த அம்மாவுக்கு. கண்ணில் கோளாறு, அதனால் படிப்பு போச்சு என்று பிளாக் முழுக்கச் சொன்னார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அவனும் அதையே நம்பினான். "இன்னொரு வருசம் படிடா, நான் கூட கீறேன்," என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "தப்பா தெரியிற கண்ண வெச்சிக்கினு எத்தினி வருசம் போட்டாலும் அதே கோடுதான் வரும்," என்றான்.

கிளப்புக்கும் வருவதை நிறுத்திவிட்டான். அதுதான் எனக்கு வலித்தது. படிப்பு போனது ஒரு அடி. ஆனால் அந்தக் கண்ணை வைத்து அவன் ஊரையே ஜெயித்தவன். அதன் மேல் சந்தேகம் வந்த பிறகு அவனால் ஸ்ட்ரைக்கரைத் தொட முடியவில்லை. துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தான். பெட்டிகளை இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை.

நான் இன்ஜினீயரிங் படித்தேன். ஃபவுண்டேஷனில் டிராயிங் முடித்தவர்களுக்கு முதல் வருடத்தில் அந்தப் பாடம் கிடையாது. அதனால் அந்தப் பக்கமே நான் போகவில்லை. பட்டம் வாங்கினேன், வேலை கிடைக்கவில்லை. அது ஒன்றும் புதிய கதை இல்லை, எங்கள் பிளாக்கிலேயே மாடிக்கு ஒருவன் இருக்கிறான். கடைசியில் அதே கல்லூரியில் ஃபவுண்டேஷன் பிள்ளைகளுக்கு டிராயிங் ஹாலில் உதவியாள் வேலை கொடுத்தார்கள். போன வருடம் முதல்முறையாகத் தாள் திருத்தும் இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் மார்க்கைக் கூட்டிப் போட வேண்டும், திருத்துகிறவர் ஒரு மூத்த மேடம்.

ஒரு தாள் வந்தது. எந்தப் பெண்ணோ, பையனோ, தெரியாது. மூன்று படங்கள், பளிச்சென்று. ஒரு கறை இல்லை. "சூப்பரா இருக்கு மேடம்," என்றேன்.

"எங்கேப்பா லைன்?" என்றார் அவர். "லைனுக்குத்தானே மார்க்கு. படத்த யாருத வேணா பாத்துப் போட்டுடலாம். எப்படி வந்துச்சுன்னு காட்டலன்னா இது காப்பி." சிவப்புப் பேனாவால் ஒரு சுழி.

நான் அந்தத் தாளை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். அழித்த கோடுகள் எல்லாம் பள்ளமாகத் தெரிந்தன. ஒன்றுவிடாமல். "இருக்கு மேடம், அழிச்சிருக்காங்க, பாருங்க," என்றேன். ஜன்னலை விட்டு நகரவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்ல மனுஷி, எழுந்து வந்து பார்த்தார், மார்க்கையும் மாற்றினார். "ஒவ்வொரு தாளையும் இப்படி ஜன்னல்ல புடிச்சிக்கிட்டு யாருப்பா திருத்துவா," என்று முணுமுணுத்தார். நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கழுவக் கழுவ ஹாலில் அவன் கைக்குட்டையை விரலில் சுற்றியதே கண்ணில் நின்றது. அதை நான் பொறாமையோடு பார்த்தேனே. என் அழுக்குத் தாள் என்னைத் தூக்கிவிட்டிருக்கிறது. நான் கேலி வாங்கிய ஒவ்வொரு கோட்டுக்கும் எவனோ ஒரு மார்க் போட்டிருக்கிறான். இதை நினைத்தால் இன்றைக்கும் என் பட்டத்தின் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கிளப்புக்கு வரச் சொன்னேன். இழுத்துக்கொண்டு வந்தேன் என்பதுதான் சரி. மத்தியானம், யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவன் கேட்டான்.

"அப்ப என் கூம்பு?"

"சரியாத்தான் இருந்திருக்கும்டா. உன் கண்ணு அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"எங்கம்மாவாண்ட சொல்லாத," என்றான். "கண்ணு கெட்டுப்போச்சுன்னுதான் மனச தேத்திக்கினு கீது. எல்லாம் சரியா இருந்துதான் பூட்ச்சுன்னு தெரிஞ்சா தாங்காது."

காய்களை அடுக்கினேன். "குந்து, ஒரு ஆட்டம் போடலாம்," என்றேன். அவன் உட்கார்ந்தான். பவுடரைத் தூவினான். ஸ்ட்ரைக்கரை வைத்தபோது அவன் கண் பழையபடி அந்த மூலைக்குப் போனதைப் பார்த்தேன். கோட்டை அவன் பார்த்துவிட்டான், எனக்குத் தெரியும். சுண்டினான். காய் குழிக்கு அரை சாண் தள்ளிப் போய் நின்றது. மறுபடி. மறுபடியும் தள்ளி. கம்பி முறுக்கி முறுக்கி அந்த விரல்கள் தடித்துப்போயிருந்தன. சுண்டுகிற விரல் மடங்கவே இல்லை.

அவனை நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான். விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்தேன். அதைக் கண்டுபிடித்து, "ஒழுங்கா ஆட்றா ஸ்கேலு," என்றான். ஆடினேன்.

கடைசிக் காய் விழுந்ததும் அவன் கை தானாகத் துணிக்குப் போனது. எடுத்தான். போர்டைப் பார்த்தான். அவன் அடித்த ஒவ்வொரு அடியும் எங்கே போயிற்று என்று பவுடரில் கோடு கோடாகத் தெரிந்தது. துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, "ஷிஃப்டுக்கு டைம் ஆவுது," என்று போய்விட்டான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

சாயங்காலம் ஆட்டோவை நிறுத்திவிட்டு அண்ணன் உள்ளே வந்தார். போர்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"எவன்டா தொடைக்காம எந்திரிச்சுப் போனது?"

"நான்தான்ணே," என்றேன்.